டைப் 1 சர்க்கரையும் ஆபத்தான சைட் வேலையும்: வளைகுடாவில் உள்ள சகோதரர்கள் அறிய வேண்டியவை

 

சவூதியின் கிழக்கு மாகாணத்தில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில், காண்ட்ராக்ட் கம்பெனி மூலம் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். வயது 27. பதினான்கு வயதிலிருந்து அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய். போன ஷட்டவுன் சமயத்தில் ஒரு நாள் பெர்மிட் கிடைக்கத் தாமதமாகி, மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. காலையில் போட்ட இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. சாரத்தின் மேலிருந்து ஏணி வழியாக அவர் எப்படி இறங்கினார் என்பதே அவருக்கு நினைவில்லை. கீழே நின்ற ஃபோர்மேன் கேட்ட கேள்விக்கு நாக்கு குழறியது. கண் எங்கோ பார்த்தது. ஃபோர்மேன் இவர் குடித்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்! வீட்டில் சர்க்கரை நோயாளியைப் பார்த்துப் பழகிய ஒரு மலையாளிச் சகோதரர் ஓடிப் போய் ஒரு பெப்சி வாங்கி வந்து குடிக்க வைத்ததால், அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்குத் தப்பித்தார்.

இவருக்கு இந்த நோய் இருப்பது கம்பெனிக்குத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் உயிரே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. ஜுபைல், யான்பு, ருவைஸ், ராஸ் லஃப்ஃபான் என்று எண்ணெயும் கேஸும் ஓடுகிற இடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் இன்சுலின் பேனாவைப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகிறோம். மருந்தின் அளவு பற்றிய முடிவுகளை அவரவர் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இது அந்தச் சர்க்கரை அல்ல

நம் ஊரில் சுகர் என்றாலே நாற்பது, ஐம்பது வயதில் வருவது, மாத்திரை போடுவது, நடந்தால் குறைவது என்றுதான் எண்ணம். அது டைப் 2. டைப் 1 வேறு. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுவதால் வருவது. இனிப்பு சாப்பிட்டதால் வந்ததல்ல, பெற்றோர் செய்த தவறும் அல்ல. இவர்களுக்கு இன்சுலின் என்பது சோறு, தண்ணீர் போல. 1921-ல் கனடாவின் டொரோண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்துபோவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1922 ஜனவரியில் முதன்முதலில் இன்சுலின் போடப்பட்ட லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கும் 14 வயதுதான்.

இதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். டைப் 1 உள்ளவர் யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. கஷாயம், லேகியம், பொடி எதுவும் அதற்கு மாற்றாகாது. முழுவதுமாக நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகும். விடுமுறையில் ஊருக்குப் போய், உறவினர் சொன்ன மருந்தை நம்பி ஊசியை விட்டுவிட்டு ஐ.சி.யூ.வில் படுத்த கதைகள் உண்டு.

சிலர் இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாயிற்றே என்று இன்னமும் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் மாடு, பன்றி இரண்டின் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள் என்பது உண்மை. 1982-ல் மரபணு முறையில் தயாரான மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று மருந்துக் கடையில் நமக்குக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே பாக்டீரியா அல்லது ஈஸ்ட்டைக் கொண்டு தயாராகுபவைதான். இந்தக் காரணத்துக்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

சைட்டில் என்ன ஆபத்து?

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் மேசை டிராயரைத் திறந்து ஒரு மிட்டாயைப் போட்டுக்கொள்வார். சைட்டில் அப்படி இல்லை.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போகும் சர்க்கரை போதாமல் யோசனை தடுமாறும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை முதல் எச்சரிக்கைகள். ஆனால் ஜூலை மாதத்து ஜுபைலில் கவரால் போட்டுக்கொண்டு நிற்கும் எவருக்கு வியர்க்காது? வெயில் மயக்கத்துக்கும் தாழ்சர்க்கரைக்கும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். வெயில் மயக்கமாக இருந்தால் அது சரி. தாழ்சர்க்கரையாக இருந்தால் தண்ணீர் ஒன்றுக்கும் உதவாது.

இன்னொரு ஆபத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கக்கூடிய இடத்திலோ டேங்கின் உள்ளேயோ ஒருவர் திடீரென விழுந்தால், பார்ப்பவர்கள் கேஸ் என்றுதான் நினைப்பார்கள். அலாரம் அடிக்கும், வேலை நிற்கும், மூச்சுக் கருவியோடு மீட்புக் குழு உள்ளே இறங்கும். பயிற்சி இல்லாத யாராவது பதற்றத்தில் கருவி இல்லாமலே உள்ளே குதித்தாலும் ஆச்சரியமில்லை. டேங்க் விபத்துகளில் காப்பாற்றப் போனவர்கள் இறப்பது புதிதல்ல. ஆக, ஒருவரின் உடம்பில் சர்க்கரை இறங்கிய விஷயம் அவரோடு நிற்பதில்லை. இதை மறைப்பவர்கள் இந்தக் கோணத்தில் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக இந்த நோய் உள்ள சிலருக்கு எச்சரிக்கை அறிகுறிகளே வருவதில்லை. அடிக்கடி சர்க்கரை இறங்கி இறங்கி உடம்பு அதற்குப் பழகிப் போய்விடும். நேராகத் தடுமாற்றம்தான், மயக்கம்தான். அந்த நிலையில் உள்ளவர் உயரத்திலோ, டேங்குக்குள்ளோ, தனியாகவோ, கிரேன் போன்ற இயந்திரத்திலோ வேலை செய்யக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. சில வாரங்கள் கவனமாகத் தாழ்சர்க்கரையே வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு, மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

அப்படியானால் டைப் 1 உள்ளவர் இத்தகைய வேலைக்கே லாயக்கில்லையா? அப்படி நாம் சொல்ல மாட்டோம். பிரிட்டனில் 2012 முதல் இன்சுலின் போடுபவர்களுக்கும் வணிக விமானம் ஓட்டும் மருத்துவச் சான்று வழங்குகிறார்கள். பறப்பதற்கு முன்பும், பறக்கும்போது மணிக்கொரு தடவையும், இறங்குவதற்கு முன்பும் சோதிக்க வேண்டும். 90 முதல் 270 வரை பச்சை, அதற்கு வெளியே போனால் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்சுலின் போடும் லாரி ஓட்டுநர்களுக்கு இருந்த ஒட்டுமொத்தத் தடை 2018-ல் நீக்கப்பட்டு, அவரவர் நிலையைப் பார்த்து முடிவு செய்யும் முறை வந்தது. நோயின் பெயரை வைத்து அல்ல, ஆளை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பதே சரியான வழி. ஆனால் அதற்கு, நோய் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மிக்ஸ்டு ஊசியும் ஷட்டவுன் டூட்டியும்

கடிதம் எழுதிய சகோதரர் போடுவது 30/70 என்று சொல்லப்படும் கலவை இன்சுலின். காலை ஒன்று, இரவு ஒன்று. விலை குறைவு, ஊர் அரசு மருத்துவமனையில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. காலையில் போட்ட ஊசியின் நீண்ட பகுதி மதியம் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் சாப்பாடு வயிற்றில் இருந்தே ஆக வேண்டும். ஷட்டவுனில் பன்னிரண்டு மணி நேர டூட்டி, பெர்மிட் எப்போது கையெழுத்தாகும் என்று யாருக்கும் தெரியாது, மெஸ் பஸ் எப்போது வரும் என்று அதைவிடத் தெரியாது. ஊசி கடிகாரத்தைப் பார்க்கும், சைட் பார்க்காது.

இதற்கு மாற்றாக இருப்பது, நாள் முழுவதற்கும் ஒரு நீண்ட நேர இன்சுலினும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனியாக ஒரு வேக இன்சுலினும் போடும் முறை. நாளுக்கு நான்கு ஊசி. கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப் போனால் ஊசியும் மூன்று மணிக்குத்தான். நைட் ஷிஃப்டுக்கு மாறும்போதும் இதுவே வசதி. இப்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்பதே அவருக்கு நாம் சொன்ன முதல் யோசனை. மாற்ற முடியாதவர்கள், மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திராமல் நேரத்துக்குச் சாப்பிட இரண்டு சப்பாத்தியோ பிரெட்டோ டிபன் பாக்ஸில் எடுத்துச் செல்ல வேண்டும்.

உடலுழைப்பும் ஒரு கணக்கு. கடுமையாக உழைத்த நாளில் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், வேலை முடிந்த பிறகும், இரவு தூக்கத்திலும்கூட. ஷட்டவுனின் முதல் சில நாட்களில் கேம்ப் அறையில் நடுராத்திரி சர்க்கரை இறங்குவதற்கு இதுவே காரணம். வெயிலும் வெந்நீர்க் குளியலும் போட்ட இன்சுலினை வேகமாக உறிஞ்ச வைக்கும். ஏணி ஏறி இறங்கும் நாளில் தொடையில் போட்டாலும் அப்படித்தான், வயிற்றில் போடுவது நல்லது. வேலை அதிகமாகப் போகிறது என்று தெரிந்தால் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எண்ணாகவே எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

டைப் 1 உள்ளவர்களின் உடலுழைப்பு பற்றி 2017-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டல் ஒன்று உண்டு. உடற்பயிற்சிக்காக எழுதப்பட்டது என்றாலும் சாரம் ஏறுவதற்கும் பொருந்தும். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் மாவுச்சத்து ஏதாவது சாப்பிட்டு, ஏறும் வரை தொடங்கக் கூடாது. 126 முதல் 180 வரை இருந்தால் தொடங்கலாம். 270-க்கு மேலே இருந்து அதற்குக் காரணம் புரியவில்லை என்றால் ரத்தத்தில் கீட்டோன் பார்க்க வேண்டும். கீட்டோன் 1.5-ஐத் தொட்டால் வேலைக்கு இறங்கவே கூடாது. முகமூடி போட்டு மூச்சுக் கருவியோடு உள்ளே போகிறவர் நடுவில் மிட்டாய் சாப்பிட முடியாது. ஆகவே அவருக்கு எண் பார்க்கும் நேரம் முகமூடி மாட்டுவதற்கு முன்புதான். நம்மைக் கேட்டால், டைப் 1 உள்ளவர் அந்த மாதிரி உள்ளே போகும் முதல் ஆளாக இருக்காமல் இருப்பதே நல்லது என்போம்.

மீட்டர், சென்சார், கேட்டில் வாங்கி வைக்கப்படும் மொபைல்

இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டது. ஊசி குத்தாமலே சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும், இறங்கினால் மொபைலில் அலாரம் அடிக்கும். நல்ல சாதனம், வசதி உள்ளவர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டும். ஆனால் ஆலைக்குள் ஒரு சிக்கல். எரிவாயு கசியக்கூடிய இடங்களை அபாய மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். அங்கே சாதாரண மொபைல், ஸ்மார்ட் வாட்ச், பேட்டரியில் ஓடும் எந்தப் பொருளும் அனுமதியில்லை. ஒரு சிறு தீப்பொறி போதும் என்பதால் வந்த விதி இது. நம் சென்சாரும் இன்சுலின் பம்ப்பும் சர்க்கரை மீட்டரும் அந்த விதிக்குள் வருகின்றன. வெடிப்பாபத்துச் சான்று பெற்றவையாக அவை தயாரிக்கப்படுவதில்லை.

எனவே சட்டைக்குள் தெரியாமல் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். சேஃப்டி பிரிவிடம் சொல்லி, அவர்கள் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே கொண்டுபோக வேண்டும். அபாய மண்டலத்துக்கென்றே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு மொபைல்கள் உண்டு. விலை அதிகம், ஆனால் சில கம்பெனிகள் சூப்பர்வைசர்களுக்குக் கொடுக்கின்றன. சென்சாருக்கு அனுமதி கிடைத்தால் அதன் செயலியை இத்தகைய மொபைலில் போட வாய்ப்புண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். அனுமதி கிடைக்காதவருக்கு விரலில் குத்திப் பார்க்கும் பழைய மீட்டர்தான் துணை. மண்டலத்துக்கு வெளியே பெர்மிட் ஆபீஸிலோ ரெஸ்ட் ஷெல்டரிலோ அதை வைத்துவிட்டு, உள்ளே போகும் முன்பும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்தும் பார்க்க வேண்டும். வெளியே வர விடமாட்டார்கள் என்றால், ஃபோர்மேனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கே மறுபடியும் வருகிறோம்.

சென்சார் காட்டுவது தோலுக்கடியில் உள்ள நீரின் சர்க்கரையை. ரத்தத்தைவிட சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். வேகமாக இறங்கும்போது சென்சார் 85 என்று காட்டும், உண்மையில் 65 ஆக இருக்கலாம். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள். கம்ப்ரஸர் சத்தத்தில் காதில் இயர் மஃப் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு அலாரம் கேட்காது. அதிர்வு முறையில் வையுங்கள். குத்தும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பேரீச்சம்பழம் சாப்பிட்ட விரலில் குத்தினால் 300 காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டால் விபரீதம்தான்.

வெயிலில் கெட்டுப்போகும் மருந்து

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவதை 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் பெரும்பாலும் 28 நாட்கள் வைக்கலாம், வகைக்கு வகை மாறும், டப்பாவில் எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் இருப்பதோ நிழலிலேயே 45-ஐத் தாண்டும் ஊரில். பூட்டி நிறுத்திய பிக்கப்பின் டேஷ்போர்டில் பேனாவை வைத்துவிட்டு டூட்டிக்குப் போவதென்பது மருந்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம். தண்ணீரில் நனைத்து வைக்கும் குளிர் பைகள் விற்கின்றன. நம் ஊரில் மண்பானையில் வைப்போமே, அதே தத்துவம்தான், ஈரம் ஆவியாகும்போது குளிரும். ஆனால் கடற்கரை ஊர்களில் ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் ஈரம் சரியாக ஆவியாகாது, பை பாதிதான் வேலை செய்யும். அப்போது ஃப்ளாஸ்க்கோ, சைட் ஆபீஸ் ஃப்ரிட்ஜோதான் நல்லது. ஐஸ் கட்டியை மருந்தோடு ஒட்ட வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினும் கெட்ட இன்சுலின்தான். விமானத்திலும் இதே காரணத்துக்காகக் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு எடுத்து வாருங்கள், லக்கேஜில் போடாதீர்கள்.

கெட்டுப்போன இன்சுலினைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியும் என்று நம்ப வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினால் கெட்டது உறுதி. தெளிவாகவே இருந்தும் வீரியம் இழந்திருக்கலாம். வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் ஊசி போட்டும் இரண்டு நாளாக 300, 350 என்றே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேனாவைத்தான்.

அப்படி ஏறிப் போய் வாந்தி, வயிற்று வலி, தீராத தாகம், இழுத்து இழுத்து மூச்சு, வாயில் பழ வாசனை என்று வந்தால் அது கீட்டோன் கூடிய நிலை. கேம்பில் இதை மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுவார்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினையும் நிறுத்திவிடுவார்கள். இதுதான் பெரிய தவறு. சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேர இன்சுலின் வேண்டும், உடனே மருத்துவமனையும் வேண்டும்.

சட்டைப் பையில் என்ன இருக்க வேண்டும்?

சாக்லேட் வேண்டாம். உருகிவிடும், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் பொடியைச் சிறு பொட்டலமாகக் கட்டி, கவரால் பையில் இரண்டு, ஹெல்மெட் வைக்கும் இடத்தில் இரண்டு என வைத்திருங்கள். 70-க்குக் கீழே என்றால் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொன்று. ஏறியதும் அது திரும்ப இறங்காமலிருக்க பிஸ்கட்டோ பேரீச்சம்பழமோ சாப்பிடலாம். பார்க்க மீட்டர் பக்கத்தில் இல்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் பார்ப்பதற்காகக் காத்திராமல் குடித்துவிடுங்கள். எண் சரியானதும் உடனே ஏணியில் கால் வைக்காதீர்கள். மூளை முழுவதும் தெளிய முக்கால் மணி நேரமாவது ஆகும்.

உடன் வேலை செய்யும் குறைந்தது இரண்டு பேருக்கு, அவர்கள் புரியும் மொழியில், உருதுவோ மலையாளமோ, இதைச் சொல்லிக்கொடுங்கள்: நான் சம்பந்தமில்லாமல் பேசினால், கோபப்பட்டால், நான் வேண்டாம் என்று சொன்னாலும், இந்தப் பொட்டலத்தைக் குடிக்க வையுங்கள். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து சைட் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். குளுக்ககான் ஊசியோ மூக்கில் அடிக்கும் மருந்தோ கிடைத்தால் ஒன்று கிளினிக்கில் இருக்கட்டும். கழுத்திலோ மணிக்கட்டிலோ இன்சுலின் போடுபவன் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை, அன்றைக்கு ஃபோர்மேன் தவறாக நினைத்தாரே, அதுபோன்ற சந்தர்ப்பத்தில் மானத்தையும் காப்பாற்றும்.

இரவில் சேஃப்டி ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். நாள்பட்ட சர்க்கரையில் கால் உணர்ச்சி குறையும். கொப்புளம் வந்ததே தெரியாது.

சொல்வதா, மறைப்பதா?

இதில் நாம் உபதேசம் செய்ய விரும்பவில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம், வீட்டுக் கடன், தங்கையின் திருமணம் எல்லாம் நமக்கும் தெரியும். சொன்னதும் டிக்கெட் கையில் கொடுத்து அனுப்பிவிடும் கம்பெனிகள் இருக்கின்றன என்பதும் தெரியும். ஆனாலும் மறைப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். நம்மோடு சாரத்தில் நிற்பவரின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம்தான். சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. விபத்து நடந்த பிறகு சொல்வதைவிட முன்பே, தகுந்த ஆவணங்களோடு சொல்வது மேல். கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி முடிவு, மீட்டரில் பதிவான எண்கள், கண், சிறுநீரகப் பரிசோதனை, கடந்த ஓராண்டில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்ற மருத்துவர் கடிதம். இவற்றோடு கம்பெனி மருத்துவரிடம் போங்கள், ஃபோர்மேனிடம் அல்ல. எனக்கு இந்த வேலை முடியாது என்று போகாமல், உயரமும் டேங்கும் தவிர இன்னின்ன வேலை முடியும் என்று போங்கள். வொர்க்‌ஷாப், ஸ்டோர், கியூ.சி., பெர்மிட் ஆபீஸ் எல்லாம் அதே ஆலையில்தான் இருக்கின்றன. இன்னும் ஊரிலிருந்து புறப்படாத பிள்ளைகள் முதலிலேயே அத்தகைய வேலைகளை நோக்கிப் படிப்பது இதைவிடச் சுலபம்.

ரமளான்

வளைகுடாவில் ரமளானில் முஸ்லிம் தொழிலாளர்களுக்கு வேலை நேரம் குறைகிறது. சவூதியில் நாளுக்கு ஆறு மணி நேரம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்றும் அங்கே விதி உண்டு. இருந்தும் டைப் 1 உள்ளவர் சைட் வேலையோடு நோன்பும் வைப்பது மிகுந்த ஆபத்துள்ளது. 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் 2001-ல் நடந்த எபிடியார் ஆய்வில், டைப் 1 உள்ளவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ரமளானில் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகரித்தது தெரியவந்தது.

நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வது ஈமானில் குறைவு அல்ல. வேறு நாட்களில் களா செய்ய முடிபவர் களா செய்வார், அதற்கும் வழியில்லாத நிரந்தர நோயாளி ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பார். தம் நிலை இரண்டில் எது என்பதை மருத்துவரின் கருத்தோடு ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். மருத்துவர் அனுமதித்து நோன்பு வைப்பவர்கள், 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ இஃப்தாருக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை முறித்துவிட வேண்டும். நோன்போடு விரலில் குத்திப் பார்ப்பதற்குப் பலர் தயங்குகிறார்கள். ஒரு துளி ரத்தத்தால் நோன்பு முறிவதில்லை. உணவாக அமையாத, தோலிலும் தசையிலும் போடும் ஊசிகளால் நோன்பு முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் முடிவு செய்திருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரர் ஊசி முறையை மாற்றிக்கொண்டு, கம்பெனி மருத்துவரைப் பார்த்துவிட்டார். உடனே யாரும் டிக்கெட் கொடுக்கவில்லை. மூன்று மாதம் காலிப்ரேஷன் வொர்க்‌ஷாப்பில் வைத்து எண்களைப் பார்த்த பிறகு களப்பணி பற்றி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் கிடையாது. வீட்டில் அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது என்று எழுதியிருந்தார்.